வெள்ளையணு ஸ்கேனுக்கு ஓர் அறை ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் கிருமித்தொற்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, பல் சொத்தையைக் கவனிப்பது, காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போவது என்று தேவையானதையெல்லாம் எடுத்துச் சொன்ன கட்டுரையாளர், முடிவுக்குச் சற்று முன்னால் “தேவைப்பட்டால் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்” என்ற ஒரே வரியோடு நகர்ந்துவிட்டார். எந்த ஸ்கேன், எப்போது எடுப்பது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று ஒன்றும் இல்லை. என் பணிக்காலம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள்தான் கழிந்தது. அணுமருத்துவத் துறையில் தொழில்நுட்பராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால்தான் சற்று நீண்ட கடிதமாக எழுதுகிறேன்.

தமிழகத்தின் ஒவ்வொரு மண்டலத்திலும் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாவது, நோயாளியின் சொந்த இரத்த வெள்ளையணுக்களைக் கொண்டு எடுக்கும் ஸ்கேன் தடையில்லாமல் நடக்க வேண்டும். என் வேண்டுகோள் இவ்வளவுதான். கால் விரலை எடுப்பதா விடுவதா, வைத்த மூட்டைக் கழற்றுவதா காப்பாற்றுவதா என்று தீர்மானிக்க முடியாமல் மருத்துவரும் நோயாளியும் திகைத்து நிற்கும் இடத்தில் கைகொடுக்கக்கூடிய சோதனை அது. அதுவே இன்று பல ஊர்களில் கிடைப்பதில்லை.

எலும்புக்குள் கிருமி புகுந்தால் வெளியே தெரிவது வலியும் வீக்கமும்தான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவருக்கு வலிகூடத் தெரியாது. எக்ஸ்ரேயை நம்பிக் காத்திருக்கவும் முடியாது. எலும்பின் தாதுச்சத்து 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் எக்ஸ்ரேயில் மாற்றம் கண்ணுக்குப் படும். அதற்குள் 10 முதல் 14 நாள் ஓடிவிடும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. போன்ற இரத்தப் பரிசோதனைகள் உடம்பில் எங்கோ அழற்சி இருப்பதைச் சொல்லும். எந்த இடம் என்று சொல்லாது. எம்.ஆர்.ஐ. அருமையான கருவி. பாதத்து எலும்பிலும் முதுகெலும்பிலும் கிருமியைத் தேட முதலில் போக வேண்டிய இடம் அதுதான், அதில் எனக்கு எந்தப் போட்டியும் இல்லை. ஆனால் உள்ளே உலோக மூட்டோ பிளேட்டோ கம்பியோ இருந்தால் அதைச் சுற்றிப் படம் சிதைந்துவிடுகிறது. சிதைவைக் குறைக்கும் புதிய முறைகள் வந்திருக்கின்றன என்றாலும் எல்லா ஊர்க் கருவிகளிலும் அவை இல்லை. பழைய வகை பேஸ்மேக்கர் வைத்திருப்பவரை அந்தக் கருவிக்குள் அனுப்ப யாரும் துணிவதில்லை.

அணுமருத்துவப் படம் வேறு வழியில் வருகிறது. மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்தை நரம்பில் செலுத்துகிறோம். அது உடம்பில் எங்கே போய்ச் சேருகிறது என்பதைக் காமா கேமரா வெளியிலிருந்தே பதிவு செய்கிறது. எலும்பின் வடிவம் மாறும் முன்பே அதன் வேலை மாறிவிடுகிறது அல்லவா, அந்த வேலையைத்தான் நாங்கள் படம் பிடிக்கிறோம். பெரும்பாலும் பயன்படுவது டெக்னீசியம்-99எம். ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் என்பதால் நோயாளிக்கு நல்லது. ஆனால் வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அதன் தாய்ப்பொருளான மாலிப்டினம்-99 ஈயக் கவசம் போட்ட ஜெனரேட்டருக்குள் இருக்கும். அதற்கு அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 66 மணி. நவி மும்பை வாஷியில் உள்ள ‘பிரிட்’ என்ற அரசு நிறுவனம் இந்த ஜெனரேட்டர்களை நாடு முழுவதும் அனுப்புகிறது. தினமும் காலையில் அதன் வழியே உப்பு நீரைச் செலுத்தி அன்றன்றைக்கு வேண்டிய டெக்னீசியத்தை வடித்துக்கொள்வோம். திங்கட்கிழமை காலையில் கிடைத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வெள்ளிக்கிழமை காலையில் கிடைக்கும். எந்த நோயாளியை எந்தக் கிழமையில் வரச் சொல்வது என்பதே இந்தக் கணக்கைப் பொறுத்ததுதான். 2010இல் மாலிப்டினம் தயாரிக்கும் அணு உலைகளான கனடாவின் சாக் ரிவர் உலையும் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் ஒரே நேரத்தில் நின்றிருந்தபோது உலகெங்கும் மாலிப்டினத்துக்குத் தட்டுப்பாடு வந்து நோயாளிகளின் முறை தள்ளித் தள்ளிப் போனதை இந்தத் துறையில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த டெக்னீசியத்தை எலும்புக்குக் கொண்டு சேர்க்கும் எம்.டி.பி. என்ற மருந்து 1975இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகர ஆய்வாளர்களில் முதன்மையானவர் கோபால் சுப்பிரமணியன். 1971லேயே சக ஆய்வாளர் மெக்காஃபியுடன் சேர்ந்து அதற்கு முந்தைய பாஸ்பேட் மருந்தைக் கண்டுபிடித்து, போன் ஸ்கேன் எனப்படும் எலும்பு ஸ்கேனின் போக்கையே மாற்றியவர் அவர். இன்றும் உலகில் எங்கே போன் ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் அவருடைய மருந்துதான் நரம்பில் ஏறுகிறது. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவருக்கு ஒரு பத்தி இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கிருமித்தொற்று என்ற சந்தேகத்தில் எடுக்கும் போன் ஸ்கேன் மூன்று கட்டங்களாக நடக்கும். ஊசி போட்டவுடன் முதல் ஒரு நிமிடம், இரத்தம் அந்த இடத்துக்கு எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்பதைச் சில விநாடிகளுக்கு ஒரு படமாகப் பதிவு செய்வோம். அடுத்த சில நிமிடங்களில், திசுவில் இரத்தம் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று ஒரு படம். பிறகு நோயாளியை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து எலும்பில் மருந்து படிந்த படம். மூன்றிலும் ஒரே இடம் பளிச்சென்று தெரிந்தால் எலும்பில் தொற்று இருக்கலாம். முதல் இரண்டில் மட்டும் தெரிந்து மூன்றாவதில் மங்கினால் தொற்று சதையோடு நின்றிருக்கலாம். அறுவையோ முறிவோ காணாத எலும்பில் இந்தச் சோதனை மிக நன்றாக வேலை செய்யும். படம் முற்றிலும் இயல்பாக இருந்தால் தொற்று இல்லை என்று பெருமளவு நம்பலாம்.

சிக்கல் எங்கே என்றால், எலும்பு எங்கெல்லாம் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதோ அங்கெல்லாம் எம்.டி.பி. போய் ஒட்டிக்கொள்ளும். முறிவு கூடும் இடம், அறுவை நடந்த இடம், தேய்ந்த மூட்டு, ஆட்டம் கண்ட செயற்கை மூட்டு, நரம்பு செத்துப் பாதத்து எலும்புகள் நொறுங்கும் சார்க்கோ பாதம், எல்லாமே பளிச்சென்று தெரியும். தெருமுனை வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருப்பது நமக்குத் தெரிகிறது. கல்யாணமா, கருமாதியா என்பது தெரியவில்லை. முழங்கால் மூட்டு மாற்றியவருக்கு எந்தத் தொற்றும் இல்லாமலேயே ஓராண்டுக்கு மேலும் அந்த இடம் ஸ்கேனில் ஒளிரும். மாற்று மூட்டில் வலி என்று வருபவருக்குப் போன் ஸ்கேன் எடுத்து, “மருந்து கூடுதலாகப் படிந்துள்ளது, தொற்றாக இருக்கலாம்” என்று அறிக்கை கொடுப்பதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த அறிக்கையைக் கையில் வாங்கிய அறுவை மருத்துவர் அதைக் கொண்டு என்ன முடிவு எடுப்பார்?

இங்கேதான் வெள்ளையணு ஸ்கேன் வருகிறது. கிருமி இருக்கும் இடத்துக்கு வெள்ளையணுக்கள் ஓடும், அது உடம்பின் இயல்பு. அவற்றையே வெளியே எடுத்து, கதிரியக்க அடையாளம் இட்டுத் திரும்ப உள்ளே அனுப்பி, எங்கே போய்ச் சேருகின்றன என்று பார்ப்பது. 1970களின் நடுவில் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் தாக்கூரும் அவருடைய குழுவினரும் இண்டியம்-111 கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். 1980களில் டெக்னீசியத்தோடு சேரும் எச்.எம்.பி.ஏ.ஓ. என்ற மருந்து வந்த பிறகு, ஜெனரேட்டர் உள்ள எந்த ஊரிலும் இதைச் செய்யலாம் என்ற நிலை வந்தது.

இதைச் செய்வது எப்படி என்று பலருக்குத் தெரியாது. டாக்டர்களில் சிலரே “இரத்தத்தில் ஏதோ கலந்து போடுவீர்களே, அதுதானே” என்று கேட்டிருக்கிறார்கள். ஆகவே அந்த அறைக்குள் உங்கள் வாசகர்களைக் கொஞ்ச நேரம் அழைத்துப் போகிறேன்.

இரத்தம் உறையாமல் காக்கும் கரைசல் முன்பே நிரப்பிய பெரிய சிரிஞ்சில், தடித்த ஊசி கொண்டு 50 மில்லி வரை இரத்தம் எடுப்போம். மெல்லிய ஊசி கூடாது. அதன் வழியே உறிஞ்சும்போதே அணுக்கள் அடிபட்டுவிடும். எடுத்த இரத்தத்தோடு ஹெட்டாஸ்டார்ச் என்ற மாவுக் கரைசலைச் சேர்த்து, சிரிஞ்சை நிமிர்த்தி ஸ்டாண்டில் மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் பிரியும். வெள்ளையணுக்கள் அந்த நீரில்தான் மிதந்துகொண்டிருக்கும். வழக்கமாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கடும் தொற்று உள்ளவரின் இரத்தம் கண்ணெதிரே விறுவிறுவென்று இறங்கும். சிவப்பணு படியும் வேகத்தைச் சொல்லும் ஈ.எஸ்.ஆர். அதிகம் என்று காகிதத்தில் எழுதியிருப்பதை அந்தச் சிரிஞ்சில் நேரிலேயே பார்க்கலாம்.

பிறகு தெளிந்த நீரைத் தனியே எடுத்து, சென்ட்ரிஃபியூஜில் மெதுவான சுற்றில் ஐந்து நிமிடம். வேகம் கூடினால் தட்டணுக்களும் சேர்ந்து இறங்கிவிடும். அவையும் அடையாள மருந்தை இழுத்துக்கொள்ளும். குழாயின் அடியில் இப்போது இளஞ்சிவப்பாக ஒரு சிறு படிவு தெரியும். அந்த ஒரு துளிக்காகத்தான் இத்தனை பாடும். அதை உலுக்கக் கூடாது, குமிழி வரக் கூடாது. விரல் நுனியால் குழாயை மெல்லச் சுழற்றிக் கரைக்க வேண்டும். அன்று காலையில் புதிதாக வடித்த டெக்னீசியத்தை எச்.எம்.பி.ஏ.ஓ. குப்பியில் சேர்த்து, தாமதிக்காமல் அணுக்களின் மேல் விட வேண்டும். அரை மணி நேரம் கடந்தால் அந்த மருந்தே கெட்டுவிடும். பத்து நிமிடம் ஊறிய பின் நோயாளியின் சொந்தப் பிளாஸ்மாவால் கழுவி, ஒட்டாமல் தங்கிய மருந்தை நீக்கி, எத்தனை சதவீதம் ஒட்டியது என்று அளந்து, மறுபடி அதே பிளாஸ்மாவில் மிதக்கவிட்டு, அதே நோயாளியின் நரம்பில் செலுத்த வேண்டும். எல்லாம் கிருமி புகாத காற்றோட்டப் பெட்டிக்குள், ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் கையை நீட்டிச் செய்ய வேண்டிய வேலை.

அதே நோயாளியின் நரம்பில் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அணுமருத்துவச் சோதனைகளின்போது வேறொருவரின் இரத்தப் பொருளைத் தவறுதலாகச் செலுத்திய சம்பவங்களை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1992இல் வெளியிட்டது, அவை எச்.ஐ.வி. உள்ளவர்களின் இரத்தம். அதனால் ஒரு நேரத்தில் ஒரே நோயாளியின் இரத்தம்தான் அறைக்குள் இருக்கலாம். ஒவ்வொரு குழாயிலும் பெயரும் பதிவு எண்ணும் எழுதி, ஊசி ஏற்றும் முன் இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எத்தனை கூட்டமாக இருந்தாலும் இந்த விதியைத் தளர்த்த நான் இடம் கொடுத்ததில்லை.

அணுக்கள் உள்ளே போனதும் முதலில் நுரையீரலில் தங்கிப் பிறகு கலையும்; கலையாமல் அங்கேயே நின்றால் நாம் அவற்றைக் காயப்படுத்திவிட்டோம் என்று பொருள். பிறகு மண்ணீரலும் கல்லீரலும் மஜ்ஜையும் தெரியும். மூன்று, நான்கு மணி நேரத்தில் ஒரு படம், மறுநாள் ஒரு படம். முதல் படத்தைவிட மறுநாள் படத்தில் சந்தேக இடம் கூடுதலாக ஒளிர்ந்தாலோ பரந்தாலோ அது தொற்று. குறைந்துகொண்டே வந்தால் பெரும்பாலும் தொற்று அல்ல. இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. வெள்ளையணுக்கள் இயல்பாகவே மஜ்ஜைக்குப் போகும். மூட்டு மாற்றும்போது மஜ்ஜை இடம் மாறிவிடுகிறது. ஆகவே படத்தில் ஒளிர்வது தொற்றா, நகர்ந்து போன மஜ்ஜையா என்ற கேள்வி எழும். அதற்குச் சல்ஃபர் கொல்லாய்ட் என்ற இன்னொரு மருந்தைக் கொண்டு மஜ்ஜையை மட்டும் தனியே வேறொரு நாளில் படம் எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். வெள்ளையணு இருந்து மஜ்ஜை இல்லாத இடம் தொற்று. மாற்று மூட்டில் இந்த இரட்டைப் படம் ஏறக்குறைய 90 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாழைப்பழ வியாபாரம் செய்த ஒருவர் என் நினைவில் நிற்கிறார். நெடுநாளாகச் சர்க்கரை நோய், நெஞ்சில் பழைய பேஸ்மேக்கர். பெருவிரலுக்குக் கீழே, மிதிக்கும் இடத்தில் புண். வலி தெரியாததால் அதன் மேலேயே நடந்து வாழைத்தார் சுமந்திருக்கிறார். அதே விரலில் முன்பு எலும்பு முறிந்திருந்ததால் எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்க வழியில்லை. போன் ஸ்கேனில் மூன்று கட்டங்களிலும் விரல் எரிந்தது. விரலையும் அதன் பின்னால் உள்ள எலும்பின் தலையையும் எடுத்துவிடுவது என்று பேச்சாகியிருந்தது. வெளியே பெஞ்சில் அவருடைய மனைவி, கையில் டிபன் டப்பாவோடு, “கட்டை விரல் போனா மார்க்கெட்ல எப்படிம்மா நிற்பாரு” என்று கேட்டார். எங்கள் மருத்துவர் வெள்ளையணு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். மறுநாள் காமா கேமரா படத்தையும் சி.டி. ஸ்கேனையும் சேர்த்துக் காட்டும் ஸ்பெக்ட்-சி.டி. படத்தில் ஒளி முழுவதும் புண்ணின் சதையில்தான் இருந்தது. எலும்பு அமைதியாக இருந்தது. போன் ஸ்கேனில் தெரிந்தது பழைய முறிவும் புண்ணால் பெருகிய இரத்த ஓட்டமும்தான். விரலை எடுக்கவில்லை. பாதத்தின் அழுத்தம் குறைக்கும் செருப்பும் ஆன்டிபயாடிக்கும் தினசரிக் கட்டும் போட்டுப் புண் ஆறியது.

எல்லாருக்கும் இப்படி நல்ல செய்தியாகவே வந்துவிடாது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், மாற்றிய முழங்காலில் வலியோடு மாதக்கணக்கில் அலைந்தார். முதலில் பார்த்த மருத்துவமனையில் வலி மாத்திரையும், விட்டு விட்டு ஆன்டிபயாடிக்கும் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பியபோது கிருமி வளரவில்லை. இடையிடையே விழுங்கிய மாத்திரை கிருமியை அழிக்காமல் கல்ச்சரை மட்டும் குழப்பியிருக்கலாம் என்றார் எங்கள் மருத்துவர். இரட்டைப் படத்தில் தொற்று தெளிவாகத் தெரிந்தது. மூட்டைக் கழற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட் வைத்து, தொற்று அடங்கிய பிறகு புதிய மூட்டு வைத்தார்கள். கேட்க விரும்பிய செய்தி அது அல்ல. ஆனாலும், “இத்தனை மாசமா என் மனப்பிரமைன்னு சொன்னாங்க, இப்பவாவது தெரிஞ்சுதே” என்றார் அவர்.

கடைசித் தீர்ப்பு ஊசியாலோ அறுவையிலோ எடுத்த திசுவும் அதில் வளரும் கிருமியும்தான். படம் அந்த இடத்துக்கு வழி காட்டும், அவ்வளவே. வெள்ளையணு ஸ்கேனுக்கும் பலவீனம் உண்டு. முதுகெலும்பில் அது பாதிப் பேருக்கு ஏமாற்றிவிடும். தொற்றுள்ள இடம் ஒளிராமல் வெறுமையாகக்கூடத் தெரியும். அங்கே எம்.ஆர்.ஐ.யும், அது முடியாதபோது எஃப்.டி.ஜி. பெட்-சி.டி.யும்தான் வழி. காசநோய் முதுகெலும்பைத் தாக்குவது நம் நாட்டில் அரிதல்ல என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

பெட்-சி.டி.யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் “அதுதான் வந்துவிட்டதே, பழைய முறை எதற்கு” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எஃப்.டி.ஜி. சர்க்கரை போன்ற பொருள். சுறுசுறுப்பாக இயங்கும் எல்லா அணுக்களும் அதை இழுத்துக்கொள்ளும். ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் படம் வந்துவிடும், இரத்தத்தைத் தொட வேண்டியதில்லை, படமும் துல்லியம். ஆனால் செயற்கை மூட்டைச் சுற்றி எந்தத் தொற்றும் இல்லாமல் வரும் அழற்சியிலும் அது ஒளிரும். சோதனைக்கு முன் இரத்தச் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்க வேண்டும். பாதப் புண்ணோடு வருபவருக்கு அது பல நேரம் எட்டாது. எஃப்.டி.ஜி.யின் அரை ஆயுள் 110 நிமிடம்தான். வேறு நகரத்தில் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் எந்திரத்திலிருந்து விடியற்காலையில் காரில் கிளம்பி நான்கு மணி நேரத்தில் வந்து சேர்வதற்குள் கால் பங்குக்கும் குறைவாகிவிடும். புற்றுநோயாளிகளுக்கே போதாதபோது எலும்புத் தொற்றுக்கு நாள் கேட்டால் தள்ளித்தான் கொடுப்பார்கள். ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வைத்துப் பேசும் சோதனைகள் அல்ல இவை.

பிறகு ஏன் வெள்ளையணு ஸ்கேன் அருகிவருகிறது? ஒருவரின் இரத்தத்தோடு ஒரு தொழில்நுட்பர் அரை நாள் உட்கார வேண்டும். அதே நேரத்தில் கேமராவில் தைராய்டும் சிறுநீரகமும் இதயமும் எத்தனையோ எடுத்துவிடலாம். எச்.எம்.பி.ஏ.ஓ. மருந்து எம்.டி.பி. போல மலிவானது அல்ல. இரத்தத்தைக் கையாளத் தனி அறையும் பெட்டியும் வேண்டும். வருமானம் பார்த்து நடக்கும் இடத்தில் இது கட்டுபடியாகாது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் அரசு மருத்துவமனைகளைக் கேட்கிறேன். காமா கேமரா வாங்கி வைத்துவிட்ட இடத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது ஒரு காற்றோட்டப் பெட்டி, ஒரு சென்ட்ரிஃபியூஜ், பயிற்சி பெற்ற இருவர், வாரத்தில் இதற்கென்றே ஒதுக்கிய ஒரு நாள். கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

ஆட்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. அணுமருத்துவத் தொழில்நுட்பப் பட்டம் முடித்த ஒரு பெண் அண்மையில் என்னைப் பார்க்க வந்திருந்தாள். வெள்ளையணு ஸ்கேனைப் பற்றித் தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். தன் கையால் ஒருமுறைகூடச் செய்ததில்லை, பிறர் செய்யப் பார்த்ததும் இல்லை. குழாயின் அடியில் படியும் அந்த இளஞ்சிவப்புத் துளியை எவ்வளவு மெதுவாகச் சுழற்றுவது என்பதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை. மூட்டைக் கழற்றி மாற்றும் அறுவைக்கும் விரல் அகற்றும் அறுவைக்கும் அனுமதி கேட்டு வரும் கோப்புகளில், தொற்று எப்படி உறுதி செய்யப்பட்டது என்று ஒரு கேள்வி இருக்கட்டும். அதற்கு வெள்ளையணு ஸ்கேன் தேவைப்பட்டால், அந்தச் செலவையும் நோயாளியின் போக்குவரத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே ஏற்றுக்கொள்ளட்டும். இரண்டு நாள் வர வேண்டிய சோதனை இது; புதுக்கோட்டையிலிருந்தோ பெரம்பலூரிலிருந்தோ துணைக்கு ஓர் ஆளோடு வருபவருக்கு இரவு தங்க ஓர் இடமும் வேண்டும்.

அனுப்பி வைக்கும் மருத்துவர்களிடம் நான் கேட்பது இன்னும் எளியது. ரெஃபரல் சீட்டில் “போன் ஸ்கேன்” என்று மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எந்த மூட்டு, எப்போது அறுவை நடந்தது, முன்பு முறிவு உண்டா, எத்தனை நாளாக என்ன ஆன்டிபயாடிக், எதை அறிய விரும்புகிறீர்கள் என்று நான்கு வரி சேர்த்து எழுதுங்கள். எந்தச் சோதனை பொருத்தம் என்று அணுமருத்துவரே முடிவு செய்ய அந்த நான்கு வரி போதும். வெறும் சீட்டோடு வந்து, நாள் முழுவதும் காத்திருந்து, எதற்கும் உதவாத ஒரு படத்தோடு திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒரு நாள் கூலியை இழந்து வந்தவர்கள்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் பயப்பட வேண்டாம். ஒரு போன் ஸ்கேனில் உடம்பு பெறும் கதிர்வீச்சு, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லாரும் இயல்பாக ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பெறும் அளவுதான். கர்ப்பமாக இருந்தாலும், இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், தாய்ப்பால் கொடுத்தாலும் ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று ஒருநாள் நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடிக்கடி சிறுநீர் கழியுங்கள், கைக்குழந்தையை நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் பழைய எக்ஸ்ரேக்களையும், எவ்வளவு பழையதானாலும், கையோடு கொண்டு வாருங்கள். வாழைப்பழ வியாபாரியின் பழைய முறிவு எங்களுக்குத் தெரிந்தது, அவருடைய மனைவி வீட்டுப் பரணிலிருந்து எடுத்து வந்த ஒரு பழைய எக்ஸ்ரேயால்தான்.

மக்கள் நல்வாழ்வுத் துறை இதைச் செய்ய முன்வந்தால், பயிற்சி தருவதற்கு நானும் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருவரும் தயாராக இருக்கிறோம். சம்பளம் வேண்டாம், பஸ் செலவு கொடுத்தால் போதும். எங்கள் கை நடுங்கத் தொடங்கும் முன் அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அணுமருத்துவத் தொழில்நுட்பர்,
உறையூர், திருச்சிராப்பள்ளி.